தலைவரின் கடைவாய்ப்பல்

பல் டாக்டரின் கிளினிக் தலைவர் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. இங்கே வாசலில் நின்று இருமினால் அங்கே கேட்கும். ரோட்டைத் தாண்டினால் போதும். நாலு எட்டு.

ஆனால் இன்றைக்கு அந்த ரோட்டில் கார் ரேஸ்.

தலைவர் வலது கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பால்கனியில் நின்றார். கீழே மஞ்சளாக ஒன்று போனது. பார்ப்பதற்குள் நீலமாக ஒன்று போனது. ஒவ்வொன்றும் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. தலைவரின் கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்லும் தனியாக ஒருமுறை அதிர்ந்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், கிளினிக்கின் ஜன்னலை முழுசாக மறைத்துக்கொண்டு ஒரு பெரிய விளம்பரத் தட்டி நின்றது. பற்பசை விளம்பரம். அதில் ஒரு பெண் முப்பத்திரண்டு பல்லும் தெரிய தலைவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை.

அவர் அந்தக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர். மனைவியைத் தவிர எல்லோரும் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டார்கள். இந்த ரேஸைத் தெருவுக்குக் கொண்டுவந்ததே அவர்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. பேசியவரும் அவர்தான். உண்மையில், ரேஸ் நடத்துகிறவர்கள் எங்கேயோ உட்கார்ந்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். கோடு இந்தத் தெரு வழியாக வளைந்தது. மறுநாளே தலைவர் சங்கக் கூட்டத்தைக் கூட்டி, பேனாவைப் பிடித்துக் கோடு போட்டதே தான்தான் என்கிற தோரணையில் பேசினார். உலகம் நம் வாசலுக்கு வருகிறது என்றார். கை தட்டினார்கள்.

தட்டாமல் என்ன செய்வார்கள்? பல வருஷமாக மனுக் கொடுத்தும் மூடாத பள்ளங்கள் ஒரே வாரத்தில் மூடிக்கொண்டன. ரோடு இழைத்த பலகை மாதிரி ஆனது. தெருவிளக்குகள் எரிந்தன, உற்சாகத்தில் சில பகலிலும் எரிந்தன. அதே வாரத்தில் ரோட்டின் இரு பக்கமும் கான்கிரீட் தடுப்பும், அதன்மேல் கம்பி வலையும் எழும்பின. நல்ல ரோடு கிடைத்துவிட்டது. அதில் கால் வைக்கத்தான் வழியில்லை.

சங்கத்தின் செயலாளர் ஒருவர் மட்டும் அப்போதே கேட்டார், ரேஸ் நடக்கும்போது நாமெல்லாம் எப்படி வெளியே போவது என்று.

"எதுக்குப் போகணும்? ஊரே நம்ம தெருவுக்கு வருது. நீங்க எங்க போறீங்க?" என்றார் தலைவர்.

செயலாளர் அன்றோடு வாயை மூடிக்கொண்டார். ஆனால் மறக்கவில்லை.

ரேஸ் நடத்துகிறவர்கள் நல்லவர்கள். கிளினிக்குக்கு நேராகக் குடியிருப்பவர்களுக்கு ஒரு சின்னக் கேட் வைக்கிறோம், கார் வராத நேரம் பார்த்துத் தாண்டிவிட ஒரு ஆளும் போடுகிறோம் என்று தாங்களாகவே சொன்னார்கள். வேண்டாம் என்றவர் தலைவர்தான். உலகத்தில் எந்த ரேஸிலாவது நடுவில் ஜனங்கள் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போவதைப் பார்த்திருக்கிறீர்களா, ஒரு நாள் பொறுத்துக்கொள்ள மாட்டோமா என்று அவர்களுக்கே பாடம் எடுத்தார். அசந்துபோன அவர்கள், மாலைப் பரிசளிப்பு மேடையில் தெருவின் சார்பாக நீங்கள்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பேச்சின் முதல் வரியைத் தலைவர் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்: "இந்த ரேஸால் எங்களில் ஒருவருக்கும் ஓர் இடைஞ்சலும் இல்லை."

இப்போது அந்த வரியில் 'இடைஞ்சல்' வரைக்கும்கூட வாய் திறக்கவில்லை.

"ரெண்டு மாசமா சொன்னேன், அந்தப் பல்லைக் காட்டுங்க காட்டுங்கன்னு. எதிர்வீடுதானே, நாலு எட்டுதானே, எப்ப வேணா போயிக்கலாம்னீங்க" என்றாள் மனைவி.

அவள் ஒரு துண்டைச் சூடு பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். கன்னத்தோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டால் வலி கேட்கும் என்றாள். தலைவர் மறுத்தார். தாடையில் கட்டோடு தெருவில் இறங்கினால், வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் செயலாளர் என்ன நினைப்பார்?

"அப்ப டாக்டரை இங்க வரச் சொல்லட்டுமா?"

"அவரு எப்படி வருவாரு, றெக்கை கட்டிக்கிட்டா?" என்று பாதி வாயால் சொல்லிவிட்டுத் தலைவர் தானே டாக்டருக்குப் போன் போட்டார்.

டாக்டர் கிளினிக்கைத் திறந்துதான் வைத்திருந்தார். அவர் குரலில் பொறாமை இருந்தது. "உங்க பால்கனியிலேர்ந்து வளைவு அப்படியே தெரியுமாமே சார். இங்க எனக்குத் தட்டியோட முதுகுதான் தெரியுது. நீங்க எப்படியாவது வந்துடுங்க, வீக்கம் ஏறிட்டா அப்புறம் மருந்து போட்டாலும் மரக்காது. சாயங்காலம் பேசணும் வேற, இல்லையா?"

தலைவர் சட்டை மாட்டினார். கழுத்தில் 'சிறப்பு விருந்தினர்' என்று எழுதிய பச்சை அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

"என்ன தலைவரே, கையைக் கன்னத்துலயே வச்சிருக்கீங்க?" என்றார் செயலாளர் நாற்காலியிலிருந்து. "ஏதாச்சும் இடைஞ்சலா?"

"சேச்சே. ரசிக்கிறேன்."

வீட்டுக்குச் சற்றுத் தள்ளித் தடுப்பில் ஒரு இரும்புக் கேட் இருந்தது. அதன் பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர். தலைவர் பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டினார். அவர் அதை மரியாதையாகப் பார்த்தார்; கேட்டைத் திறக்கவில்லை.

"இது எங்க ஆளுங்களுக்கு சார். ரேஸ் நின்னாத்தான் திறப்போம்."

"எப்ப நிக்கும்?"

"எதுனா வண்டி முட்டினா நிக்கும்."

தலைவர் கண்ணை மூடி, உலகத் தரமான ஒரு விபத்து நடக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார். யாருக்கும் கீறல்கூடப் படக் கூடாது, ஆனால் கேட்டைத் திறக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். கார்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்தன.

"ஜனங்களுக்குன்னு இங்க ஒரு கேட் வைக்கிறதா இருந்துச்சு சார்" என்றார் காவல்காரர் அனுதாபத்தோடு. "யாரோ ஒரு பெரிய மனுஷன் வேண்டாம்னுட்டாராம்."

"அப்படியா" என்றார் தலைவர்.

ரேஸ் ஓடிய ரோடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு வட்டம். தலைவர் வீடு வட்டத்துக்கு உள்ளே, கிளினிக் வெளியே. உள்ளே இருப்பவர்கள் வெளியே போக ஒரே ஒரு வழி, மறுகோடியில் பார்வையாளர் மேடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த இரும்பு நடைபாலம். காவல்காரர் அதைக் கைகாட்டினார். நாலு எட்டில் முடிய வேண்டிய காரியத்துக்குத் தலைவர் பாதி ஊரைச் சுற்றக் கிளம்பினார்.

மேடையை அடைந்தபோது பச்சை அட்டைக்கு ஏக மரியாதை. ஒருவர் வணங்கினார். ஒருவர் கயிற்றை விலக்கினார். பாலம் எங்கே என்று கேட்பதற்குள், கோட்டு போட்ட ஏற்பாட்டாளர் ஓடிவந்து தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஏந்துவதற்குக் கையில்லாமல் கன்னம் தொங்கியது.

"உங்களைத்தான் சார் தேடிட்டிருந்தோம். முன்வரிசை சோபா உங்களுக்குத்தான்."

தலைவருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று கடைவாய்ப்பல், இன்னொன்று முன்வரிசை. ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது. உட்கார்ந்தார். எதிரே கார்கள் வந்தன.

அதையும் சொல்லத்தான் வேண்டும். பால்கனியிலிருந்து பார்ப்பது வேறு, பக்கத்தில் பார்ப்பது வேறு. தினமும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பயந்து அவர் ஒதுங்கி நடக்கிற அதே ரோட்டில், அதே மருந்துக் கடையையும் அதே துணிக் கடையையும் உரசிக்கொண்டு அவை வண்ணக் கோடுகளாகப் பாய்ந்தன. டயர் கருகுகிற வாசனை வந்தது. நெஞ்சுக்குள்ளே யாரோ மத்தளம் அடித்தார்கள். இத்தனை நாள் வாய்ப்பேச்சுக்காகச் சொன்னதெல்லாம் உண்மைதானோ என்று தலைவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஒரு கணம் அவருக்குப் பல்லே இல்லை.

அப்போது ஏற்பாட்டாளர் அவர் கையில் ஒரு பழச்சாறைத் திணித்தார். பாதி சாறு, பாதி ஐஸ். எல்லோரும் குடித்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள். தலைவர் ஒரு வாய் குடித்தார்.

ஐஸ் நேராகப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. "ஆ" என்று அலறிக்கொண்டு தலைவர் சோபாவிலிருந்து எழும்பினார். அதே நொடியில் வளைவில் சிவப்புக் கார் நீலக் காரை முந்தியது. பின்வரிசை முழுக்க எழுந்து கத்தியது.

"தலைவர் கண்ணு பாருங்க. நமக்கு முன்னாடியே பிடிச்சுட்டார்" என்றார் பின்னால் ஒருவர்.

அதன்பிறகு மேடை அவரையே பார்க்க ஆரம்பித்தது. பல் குத்தும்போதெல்லாம் அவர் துள்ளினார். அவர் துள்ளும்போதெல்லாம் மேடை துள்ளியது. காரே வராத நேரத்தில்கூட இரண்டு முறை துள்ளியது. டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டிக்கொண்டு வந்தாள். இந்தத் தருணத்தில் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டாள். தலைவரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"வார்த்தை வரலைங்களா சார்?"

தலைவர் தலையாட்டினார். அதுவரை அன்றைக்கு அவர் சொன்னதிலேயே கலப்படமில்லாத உண்மை அதுதான். அவள் கேமராவைப் பார்த்து, பெருமிதத்தில் பேச்சிழந்து நிற்கிறார் தலைவர் என்று உருக்கமாகச் சொன்னாள். தலைவர் கண்ணைத் துடைத்த கைக்குட்டையையும் கேமராவுக்காக வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த இடைவெளியில் அவர் நழுவி, நடைபாலத்தின் அடிக்குப் போனார். அங்கே நின்ற காவலாளி பச்சை அட்டையைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"விருந்தினர்களை ரேஸ் முடியற வரைக்கும் வெளிய விடக் கூடாதுன்னு உத்தரவு சார். உங்க பாதுகாப்புக்குத்தான்."

"மத்தவங்க போறாங்களே?"

"அவங்க சும்மா ஜனங்க சார். நீங்க அப்படியா?"

தான் சும்மா ஜனம்தான் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. பல்லுக்கும் பெருமைக்கும் நடந்த போட்டியில் பெருமை அரைச் சுற்று முன்னால் இருந்தது. அவர் திரும்பி மேடைக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு நாற்காலி முதுகில் ஆரஞ்சுச் சட்டை ஒன்று தொங்கியது. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் யாரையும் கேட்காமல் எங்கேயும் போய்வருவதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டார். ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு அதே பாலத்துக்கு, அதே காவலாளியிடம் வந்தார்.

காவலாளி சட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏய், இங்க என்னய்யா சுத்திட்டிருக்கே? கொடி மேடைக்கு ஆள் கேட்டுக் கத்திட்டிருக்காங்க. ஓடு."

தலைவர் ஓடினார். கடைசியாக அவரை யாராவது 'ஓடு' என்று சொன்னது பள்ளிக்கூடத்தில்.

கொடி மேடை என்பது தடுப்பை ஒட்டி ஒரு பெட்டி மேல் ஒரு பலகை. பக்கத்திலேயே ஒரு இரும்புக் கேட். மேலே நின்ற கொடிக்காரர் காலை மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்தார். அது ரேஸின் உற்சாகம் அல்ல.

"வந்துட்டியாண்ணே, நல்லாயிருப்பே. காலையிலேர்ந்து அடக்கிட்டு நிக்கிறேன். இந்தா, மஞ்சள் காட்டினா மெதுவா போவாங்க. சிவப்பு காட்டினா மொத்த ரேஸும் நின்னுடும். அதை மட்டும் தொட்டுடாதே. இதோ வந்துடறேன்."

அவர் வேகமும் ஏதோ ஒரு காரின் வேகமாகத்தான் இருந்தது. தலைவர் பலகைமேல் ஏறினார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தெருவே அதிர்ந்துகொண்டிருந்ததால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முதல் கார் கடந்தது. காரோடு ஒரு காற்று வந்தது. ஐஸ் பட்ட பல்லின் மேல் அந்தக் காற்று ஊசியைக் காய்ச்சி இறக்கினாற்போல் இறங்கியது. இரண்டாவது காரின் காற்று அந்த ஊசியைத் திருகியது. மனைவி நீட்டிய சூட்டுத் துண்டு நினைவுக்கு வந்தது. கைக்குட்டையைத் தேடினார், அது டிவியில் இருந்தது. மஞ்சள் துணி சின்னது, பனியன் துணி மாதிரி மெல்லியது. காலடியில் ஒரு கொம்பில் சுருட்டி வைத்திருந்த சிவப்புத் துணி கெட்டியாக, கம்பளி போல, வெயிலில் நன்றாகச் சூடேறிக் கிடந்தது.

தலைவர் மனதில் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. வலிக்கிறவனுக்குத் துணி என்றால் துணிதான். கொம்பிலிருந்து உருவி, கன்னத்தோடு சேர்த்து உச்சந்தலையில் ஒரு முடிச்சுப் போட்டார். அப்பாடா என்று இருந்தது. முடிச்சுக்கு மேல் மிஞ்சிய துணி அடுத்த காரின் காற்றில் படபடவென்று பறந்தது.

அந்தக் கார் நின்றது. பின்னால் வந்தது நின்றது. அதன் பின்னால் வந்தவை வரிசையாக, முனகிக்கொண்டே நின்றன. ஊர் முழுக்க ஒரு அமைதி. காலையிலிருந்து முதல் தடவையாகத் தலைவருக்குத் தன் பல் குத்துகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது.

ஒலிபெருக்கி யாரையோ எதற்கு நிறுத்தினாய் என்று கேட்டது. வட்டம் முழுவதும் கேட்டுகள் படார் படார் என்று திறந்தன. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் தீயணைக்கும் உருளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாத் திசையிலிருந்தும் எல்லாத் திசைக்கும் ஓடினார்கள். விபத்தைத் தேடினார்கள். தலைவரும் பலகையிலிருந்து குதித்து, அவர்களோடு அவராக ரோட்டில் ஓடி, அந்தப் பக்கத்துக் கேட் வழியாக வெளியே போய்விட்டார். ஒருவரும் தடுக்கவில்லை. உள்ளே இருந்தவரை அது சிவப்புக் கொடி. வெளியே வந்ததும் அது பல்வலிக்காரன் கட்டு.

வெளிப்பக்கத்துச் சந்துகளில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி தூரத்தில் ரேஸ் மறுபடி தொடங்கிவிட்டது. உறுமல் கேட்டபோது அவருக்குக் கோபமே வரவில்லை, சிரிப்புக்கூட வந்தது. நாம்தான் இந்தப் பக்கம் வந்தாயிற்றே. டாக்டர் ஊசி போட்டு மரக்க வைப்பார், ஒரு இழுப்பு, முடிந்தது. மாலையில் மேடையேறி முதல் வரியைக் கணீரென்று சொல்லலாம். செயலாளரின் முகம் எப்படிப் போகும் என்று கற்பனை செய்ததில் வலி கொஞ்சம் குறைந்தது. மறுபடி ஏதோ அதிர்ந்தது. ரேஸ்தான் என்று நினைத்தார்.

விளம்பரத் தட்டியின் முதுகு தெரிந்தது. இந்தப் பக்கம் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பும் இல்லை, பல்லும் இல்லை. வெறும் மரச்சட்டமும் ஆணியும்தான். தலைவர் கிளினிக்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழாத குறையாக நுழைந்தார்.

நோயாளி நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு மேலே வெளிச்சம் எரிந்தது. மூலையில் இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் தலைவர் முன்வரிசை சோபாவில் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவள் திரும்பி, ஆரஞ்சுச் சட்டையும் சிவப்புக் கட்டுமாக வாசலில் நின்ற ஆளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பல்லா?"

தலைவர் தலையாட்டினார்.

"டாக்டர் இல்லைங்களே. எதிர்வீட்டுச் சங்கத் தலைவருக்குப் பல்வலியாம். இதோ, டிவியில அவர் அழறதைப் பாத்துட்டு அவர் வீட்டம்மா போன் பண்ணாங்க, எப்படியும் வீட்டுக்குத்தானே திரும்பி வருவாரு, நீங்க வந்து தயாரா இருங்கன்னு. ரோட்டைத் தாண்ட வழியில்லாம டாக்டர் கையைப் பிசைஞ்சுட்டு நின்னாரு. நல்லவேளை, யாரோ ஒரு புண்ணியவான் சிவப்பைக் காட்டி ரேஸை நிறுத்தினான். கேட்டைத் திறந்தாங்க, ஊசி, குறடு, மருந்து எல்லாத்தையும் வாரிக்கிட்டு ஒரே ஓட்டமா அந்தப் பக்கம் போயிட்டாரு. இனிமே ரேஸ் முடிஞ்சாத்தான் வர முடியும்."

தலைவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வெளியே, தட்டியின் ஓரத்து இடுக்கில், மஞ்சளாக ஒன்று போனது. நீலமாக ஒன்று போனது. நர்ஸுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ரொம்ப வலிக்குதுன்னா நீங்களும் அங்கேயே போயிடுங்களேன்" என்றாள். "எதிர்வீடுதான். நாலு எட்டு."